ஆசிரியர் இறந்த திகதி

புத்தகத்தோடு உறவுள்ள மனிதர்களை இதுவரை இரண்டு வகையாகத்தான் பிரித்து வைத்திருப்பீர்கள்: வாசிக்கிறவர்கள், வாங்கி அடுக்கி வைக்கிறவர்கள். இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்களை மூன்றாவது வகையாகச் சேர்த்தாலும் குற்றமில்லை. ஆனால் இந்த மூன்றிலும் அடங்காத ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் வாசிப்பதில்லை, வாங்குவதில்லை, இரவல் கேட்பதுமில்லை. மற்றவர்கள் எதை வாசிக்கவேண்டும் என்று தெரிவு செய்வார்கள். அத்தோடு களைத்துப்போவார்கள். தெரிவாளர் என்று இவர்களுக்குப் பெயர் வைப்போம்.

தெரிவாளரை அடையாளம் காண்பது சுலபம். ஒரு புத்தகத்தை அவரிடம் நீட்டிப் பாருங்கள். நீங்களும் நானும் என்றால் முதல் பக்கத்தைத் திறப்போம். பொறுமை குறைந்தவர்கள் கடைசிப் பக்கத்தைத் திறப்பார்கள். தெரிவாளர் பதிப்பு விபரம் அச்சிட்ட பக்கத்தைத் தேடித் திறந்து, அச்சகத்தின் பெயர், ஆண்டு, எத்தனையாம் பதிப்பு, யார் செலவில் அச்சிட்டது என்று ஒவ்வொன்றாக மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்து, ஏதாவது ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்து, அதில் மனம் நிறைந்து, புத்தகத்தை மூடி, அட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "பாப்பம்" என்பார். அந்தப் "பாப்பம்" எட்டு மாதமும் எடுக்கும். கதையா? கதையைப் பற்றி யார் கேட்டார்கள்?

மட்டக்களப்பில் இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி, கல்லடியில் வசிக்கும் திருவாளர் அருமைநாயகம். பிறப்பு இறப்புப் பதிவு செய்யும் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் என்று அரசாங்கம்தான் சொல்கிறது. அவருடைய மேசையில் இன்றும் மை ஒத்தும் தாள் இருக்கிறது. கோவைகள் நூலால் கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டுக்கு வாங்கிய மண்வெட்டிக்கும் ஒரு இலக்கம் இருக்கிறது. இவருக்கு 2008ஆம் ஆண்டு ஒரு பதவி கிடைத்தது. வாவிக்கரை இணைய வாசகர் வட்டத்தின் நூல் தெரிவுக்குழுத் தலைவர். குழுவில் வேறு ஆள் இல்லை.

வாசகர் வட்டம் ஏன் இணையத்தில் கூடியது என்று கேட்பீர்கள். அந்த நாட்களில் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பற்றிக் கதைத்தால், ஐந்தாவதாக ஒருவர் வந்து என்ன கதைக்கிறீர்கள் என்று விசாரிப்பார். எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போவார். மின்னஞ்சலில் கூடினால் அந்தத் தொந்தரவு இல்லை. அருமைநாயகத்தின் மின்னஞ்சல்களை முழுவதும் வாசிக்கும் பொறுமை எந்த உளவாளிக்கும் இருக்காது என்று உறுப்பினர்கள் நம்பினார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. வட்டத்துக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை.

பழைய நூல்களை மட்டும் வாசிப்பது என்ற யோசனை, காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் சரீப்புடையது. கடல் வந்த வருடம் கரைப்பக்கத்து வீடுகளில் புத்தகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்களையே தேடி முடியாத நேரத்தில் புத்தகத்தை யார் தேடுவது? ஆகவே பதிப்புரிமை தீர்ந்துபோன பழைய நூல்களைத் தட்டெழுதிக் கணினியில் ஏற்றினால் எல்லோரும் இலவசமாக எடுத்து வாசிக்கலாம் என்று சரீப் சொன்னார். சொல்லிவிட்டுத் துணி அளக்கப் போய்விட்டார். அதைச் சட்டமாக்கியவர் அருமைநாயகம். ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழிந்தால்தான் பதிப்புரிமை தீரும் என்று எங்கோ வாசித்த நிமிடத்தில் அவருக்கு ஒரு புது உற்சாகம் பிறந்தது. இலக்கியம் என்பது கடைசியில் இறப்புப் பதிவுதான் என்று தெரிந்தால், அவருக்கு உற்சாகம் வராமல் வேறு யாருக்கு வரும்?

உடனே ஒரு படிவம் தயாரானது. நூல் தெரிவுப் படிவம், பதினொரு நிரல். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பிறந்த திகதி. அடுத்த ஏழும் ஆசிரியரின் இறப்பைப் பற்றியவை: திகதி, இடம், காரணம், சான்று, சான்றின் வகை, சான்று தந்தவர், சான்று தந்தவர் உயிரோடு இருக்கிறாரா. பதினோராவது நிரலின் தலைப்பு "ஏனைய விபரங்கள், இருப்பின்". கதையை அதற்குள் எழுதவேண்டும்.

மூன்று வருடத்தில் நாற்பத்து மூன்று நூல்கள் முன்மொழியப்பட்டன. தெரிவானவை மூன்று. அவற்றில் ஒன்று மாட்டு வைத்தியம். அதன் ஆசிரியருடைய கல்லறையின் படமே கிடைத்திருந்தது. திகதி தெளிவாக வெட்டப்பட்டிருந்தது. மட்டுநகரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் மல்கம் மட்டும் ஒருநாள் சந்தியில் கண்டு மெல்ல முறையிட்டார்.

"அங்கிள், என்னட்ட மாடு இல்லயே."

"அது வேற விசயம் தம்பி. ஆள் செத்தது சந்தேகமில்லாம நிரூபிச்சிரிக்கி."

"அது சரி. எங்களுக்கு ஒரு காதல் கதையும் வேணும்தானே?"

"காதல் கதை எழுதின ஆக்கள்ள ஒழுங்கா செத்தவங்கள் குறைவு" என்றார் அருமைநாயகம். சிரிக்காமல்தான் சொன்னார்.

தெரிவான மூன்று நூல்களையும் அவர் வாசிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. வாசித்தவர் அவருடைய மனைவி அன்னப்பூரணி. மாட்டு வைத்தியத்தையும் விடவில்லை. "செத்தவன் எழுதினாத்தான் வாசிக்கலாமெண்டா, உசிரோட இருந்து எழுதிறவன் என்ன செய்யிற?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "பொறுத்திருக்கிற" என்றார் இவர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு மனிதர் காரணம் இல்லாமல் இப்படித் திகதிக்குப் பின்னால் அலைவாரா?

சுனாமி வந்து போனபின், 2005 தை மாதத்திலிருந்து மூன்று மாதம் அருமைநாயகம் இறப்பு எழுதினார். அதற்கு முன் ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தாலே அதிகம். இப்போது வரிசை கந்தோர் வாசலைத் தாண்டி வீதிக்கு வந்தது. அவர் அந்தப் பருவத்தில் நல்ல மனிதராக இருந்தார், அதை மறைக்கக்கூடாது. சாப்பாட்டுக்கு எழும்பவில்லை, ஒருவரையும் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பவில்லை, அழுது முடியும்வரை பேனையை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். உடல் கிடைக்காதவர்களையும் எழுதலாம் என்று ஒழுங்கு வந்தது. கிராமத்து விதானையாரின் கடிதமும் உறவினரின் சத்தியக்கடதாசியும் போதும். அப்படி எழுதியவர்களில் ஒருவர் நாவலடியைச் சேர்ந்த கதிர்காமத்தம்பி, தொழில் மீன்பிடி, வயது நாற்பத்தொன்று.

சித்திரை மாதம் கதிர்காமத்தம்பி கந்தோருக்கு வந்தார். ஊன்றுகோலோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டார்.

"ஐயா, நான் செத்துட்டன் எண்டு மச்சான் சொல்றான். உண்மையா?"

கால் முறிந்து, தலையில் அடிபட்டு, எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியில் பெயர் சொல்லத் தெரியாமல் கிடந்திருக்கிறார். அந்தப் பதிவை ரத்துச் செய்ய எட்டு மாதம் சென்றது. ஒவ்வொரு முறை வரும்போதும், நீங்கள் உயிரோடு இருப்பதற்கு என்ன சான்று என்று அருமைநாயகம் கேட்கவேண்டியிருந்தது. தன்னைத் தவிர வேறு சான்று அந்த மனிதரிடம் இருக்கவில்லை. அது சட்டத்துக்குப் போதவில்லை. "ஐயா, நான் இரிக்கன்" என்று அவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்ன குரலை நினைத்தால் அருமைநாயகத்துக்கு இன்றும் உடம்பு கூசும். அன்றிலிருந்து, சான்றில்லாமல் ஒருவரையும் சாகவிடுவதில்லை என்று தீர்மானித்தார். பிறகு பென்சன் வந்தது. சாகவிடாமல் காப்பதற்கு ஆசிரியர்கள்தான் கிடைத்தார்கள்.

இந்த நிலையில், யுத்தம் முடிந்து இரண்டாவது வருடம், 2011 தை மாதத்தில், நாற்பத்து நாலாவது படிவம் வந்தது. அனுப்பியவள் அஜந்தா. கல்லடிப் பாலத்துக்கு அப்பால் நகரப்பக்கம் உள்ள ஒரு கொமினிகேசன் கடையில் தட்டெழுதிக் கொடுக்கிறவள். நூலின் பெயர் "பவளரத்தினம் அல்லது தோணி கவிழ்ந்த கதை". ஆசிரியர் வெல்லாவெளி சாமித்தம்பி உபாத்தியாயர், பிறப்பு 1879. அச்சிட்டது 1908. பக்கம் நூற்று நாற்பத்தெட்டு, முழுவதும் தட்டெழுதி இணைத்திருந்தாள். இறந்த திகதி என்ற நிரலில் இப்படி இருந்தது: "தெரியாது. 1914இல் ரங்கூனுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவில்லை என்று புத்தகத்தின் முன்பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்."

பதினோராவது நிரலில் இரண்டு வரி மட்டும். முதல் அறுபத்தொரு பக்கமும் தன் கணவர் விஜிதரன் தட்டெழுதியது. 2007இல் அவர் காணாமற் போனபிறகு மிச்சத்தைத் தான் முடித்ததாகவும், நாலு பேர் இதை வாசித்துக் கதைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை என்றும் எழுதியிருந்தாள்.

கோப்பைத் திறந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. அறுபத்தோராம் பக்கம் வரை புத்தகத்தில் ஒரு "ண" கூட இல்லை. பெண்கள் எல்லோரும் "பென்கள்", அவர்கள் வடித்தது "கன்னீர்", கவிழ்ந்தது "தோனி". அறுபத்திரண்டாம் பக்கத்தில் திடீரென்று ண வந்து, கதாநாயகி பெண்ணாகி, தோணி ஒழுங்காகக் கவிழ்ந்தது. கிரிக்கெட்காரர் எப்படிக் கவிழ்ந்தார் என்று மல்கம் பகிடி எழுதினார். அஜந்தா பதில் போட்டாள்: "அப்ப கடையில இருந்த கொம்பியூட்டர்ல ண அடிக்கிற கட்டை உடைஞ்சிருந்த. மறுகா நான் புதுசு போட்டன். அந்த அறுபத்தொரு பக்கத்தையும் நான் திருத்தல்ல. அவர் வந்து திருத்துவார்."

அதற்குப் பிறகு யாரும் பகிடி எழுதவில்லை. அருமைநாயகம் மட்டும் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்: எழுத்துப்பிழை உண்டு, திருத்தப்படும் திகதி நிச்சயமில்லை.

ஆனால் அவருடைய கவலை எழுத்துப்பிழை அல்ல. ஆசிரியர் 1940ஆம் ஆண்டு முடிவதற்குள் இறந்திருக்கவேண்டும். இறந்தாரா?

சரீப் எழுதினார்: "ஐயா, அந்த மனுசன் இப்ப இருந்தா நூத்தி முப்பத்திரண்டு வயசு. அல்லாட காவல், அவ்வளவு வயசு யாருக்கு வரும்?"

அருமைநாயகம் பதில் எழுதினார்: "அன்புடையீர், முதுமை மரணத்துக்குக் காரணமாகலாமேயன்றிச் சான்றாகாது."

மல்கம் எழுதினார்: "அங்கிள், அந்தாள் வந்தா நானே பாலத்தடியில மாலையோட நிப்பன்."

அருமைநாயகம் பதில் எழுதினார். அந்தப் பதிலை எழுத அவருக்கு இரண்டு நாள் எடுத்தது. தன் சேவைக்காலத்தில்கூட இத்தனை சுத்தமான வசனம் எழுதியதில்லை என்று அவருக்கே ஒரு பெருமை. "விதி நான்கு, ஆ பிரிவு. காணாமற் போனவர் இறந்தவராகார். திரும்பி வராமை என்பது திரும்பி வராமையே, இறப்பு அன்று. காலம் எவ்வளவு கழிந்தபோதிலும், காலம் சாட்சி சொல்லாது. இறந்தார் என ஒருவரை எழுதும் உரிமை, அதை அறிந்தவருக்கன்றி வேறெவருக்கும் இல்லை. ஆகவே மேற்படி நூல் தெரிவு செய்யப்படவில்லை. அருமைநாயகம், தலைவர்."

அஜந்தா பதில் அனுப்பவில்லை. பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். தெரிவாளர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது.

அந்தக் கிழமையே அவரைத் தேடி ரதீஸ் வந்தான். அருமைநாயகத்தின் பழைய கதிரையில் இப்போது இருப்பவன். கெட்டிக்காரன், நல்ல பிள்ளை.

"சேர், ஒரு உதவி. காணாமப் போன ஆக்களுக்கும் மரணப் பத்திரம் குடுக்கலாம் எண்டு புதுச் சட்டம் வந்திரிக்கிதானே. எங்கட பக்கத்தில பதினேழு பேர் விண்ணப்பிச்சிட்டாங்க. ஒரு புள்ள மட்டும் ஏலா எண்டு நிக்கிறா. வீட்டுக்காணிப் பெமிட் புருசன்ட பேர்ல கிடக்கு. பத்திரம் எடுத்தா இவட பேருக்கு மாத்திக் குடுக்கலாம், வீட்டுத் திட்டத்திலயும் சேக்கலாம். உங்கட வாசகர் வட்டத்து ஆள்தான். நீங்க சொன்னாக் கேப்பா."

உதவி என்று வந்தால் அருமைநாயகம் முடியாது என்று சொன்னவரல்ல. படிவத்தை வாங்கிப் பார்த்தார். விஜிதரன், வயது முப்பத்து நாலு, தொழில் தட்டெழுத்து, 2007ஆம் ஆண்டு பங்குனி மாதம் சந்திக்குப் போனவர். விபரங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. விண்ணப்பதாரியின் ஒப்பம்தான் குறை. நல்ல காரியம், அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும் என்று உண்மையாகவே மனமிரங்கி, படிவத்தைக் கோவைக்குள் வைத்து, சைக்கிளில் புறப்பட்டார்.

இவருக்கு அந்த மின்னஞ்சல் நினைவு வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. கந்தோர் அலுமாரி மாதிரித்தான் இவருடைய தலையும். ஒரு கதவைத் திறந்தால் மற்றக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். நம் எல்லோருடைய தலைக்கும் அப்படி ஒரு அலுமாரி இருக்கிறது, அதை விடுவோம்.

பின்னேரம் மூன்று மணி. கடையில் ஆளில்லை. அஜந்தா எழுந்து கதிரையைத் துடைத்துக் கொடுத்தாள்.

"வாங்க ஐயா, இரிங்க. பிளேன்ரீ ஊத்தட்டா?"

"வேணாம் புள்ள. ஒரு ஒப்பம் மட்டும் வேணும். அஞ்சு நிமிச வேல."

அவள் படிவத்தை வாங்கி முதலிலிருந்து வாசித்தாள். தட்டெழுதுகிறவர்கள் வாசிப்பதைப் போல, எழுத்தெழுத்தாக.

"இதுல அவர் செத்துட்டார் எண்டு இரிக்கி."

"அப்பிடி இல்ல புள்ள. செத்திருப்பார் எண்டு நான் நம்புறன் எண்டுதான் இரிக்கி. அது சட்டத்துக்கு எழுதிற வாசகம்."

"நான் நம்பல்லயே ஐயா."

"நம்பத் தேவல்ல. ஒப்பம் வெச்சாக் காணும். யோசிச்சுப் பாருங்க, நாலு வருசமாச்சி. ஒரு கடுதாசி வந்ததா? ஒரு கோல் வந்ததா? வேற என்னத்த எதிர்பாக்கிற?"

அஜந்தா படிவத்தை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"நாலு வருசம் காணுமா ஐயா? சாமித்தம்பி உபாத்தியாயருக்குத் தொண்ணூத்தேழு வருசம் காணல்லயே."

அருமைநாயகம் வாயைத் திறந்தார். "அது புத்தகம் புள்ள" என்றார். சொன்னபிறகு, அது ஒரு பதிலாக இல்லை என்று அவருக்கே கேட்டது.

அவள் கணினிப்பக்கம் திரும்பி எதையோ அழுத்தினாள். அச்சுப்பொறி இரண்டு முறை செருமிவிட்டு ஒரு தாளைத் தள்ளியது. அதை அவர் கையில் கொடுத்தாள். "வாசிங்க ஐயா. உரத்து வாசிங்க."

அவர் வாசித்தார். தலைவராக இருந்து எழுதியதைத் தலைவருடைய குரலில்தான் தொடங்கினார். காணாமற் போனவர் இறந்தவராகார். திரும்பி வராமை என்பது திரும்பி வராமையே. அவ்விடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. காலம் சாட்சி சொல்லாது என்பதற்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சத்தை வாசிக்கவில்லை.

வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. கதிர்காமத்தம்பிக்கு முன்னால் பட்ட அதே வெட்கம். அன்றைக்கு எழுதியபின் வந்தது. இன்றைக்கு எழுதுவதற்கு முன்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனாலும் தெரிவாளர் தெரிவாளர்தானே? பிழை கண்டால் விதியைத் திருத்தத்தான் அவருக்குத் தெரியும்.

"சரி புள்ள. நான் செய்தது பிழை. அந்த ஆ பிரிவ எடுத்துவிடுறன். உங்கட புத்தகத்தச் சேத்துக்கொள்ளுவம். அந்த மனுசன் எப்பிடியும் செத்திருப்பார்தானே."

"ஐயோ, வேணாம் ஐயா!"

அன்றைக்கு அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு முறைதான்.

"அந்த விதிய எடுக்கவேணாம். நான் அத எத்தின தரம் வாசிச்சன் எண்டு உங்களுக்குத் தெரியா. நாலு வருசமா நான் ஏறாத கந்தோர் இல்ல. எல்லாரும் மனசுக்குள்ள ஒண்ட வெச்சிக்கொண்டுதான் என்னோட கதைப்பாங்க. வாயால சொல்லாட்டியும் எனக்குத் தெரியும். திரும்பி வராதது சாவு இல்ல எண்டு ஒராள் எழுதி, கீழ பேரும் போட்டுத் தந்தது நீங்க மட்டும்தான். புத்தகம் கிடக்கட்டும் ஐயா. நான் அத வாபஸ் வாங்கிறன். அந்த உபாத்தியாரையும் செத்துட்டார் எண்டு எழுதிப்போடாதீங்க."

படிவத்தை நாலாக மடிக்காமல், கசக்காமல், அவர் கொண்டுவந்தபடியே கோவைக்குள் வைத்துக் கொடுத்தாள். அருமைநாயகம் சைக்கிளில் ஏறவில்லை. கல்லடிப் பாலம் முழுவதும் அதை உருட்டிக்கொண்டே நடந்தார். பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஒதுங்கச் சொல்லி அடித்த ஹோர்ன் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் சான்று கேட்ட மனிதர். இன்றைக்கு ஒருத்தி தன் கையால் முடித்த புத்தகத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு, அவருடைய ஒரு வசனத்தைச் சான்றாக வைத்துக்கொண்டிருக்கிறாள். அவருக்குத் தாங்கவில்லை.

வீட்டு வாசலில் அன்னப்பூரணி கேட்டார். "என்ன, ஒப்பம் வெச்சாளா?"

"இல்ல."

"நல்லது" என்றுவிட்டு அன்னப்பூரணி உள்ளே போனார். பவளரத்தினத்தை அவர் அப்போதே முடித்திருந்தார்.

அடுத்தநாள் ரதீஸிடம் படிவம் திரும்பிப் போனது. குறிப்பு என்ற இடத்தில் அருமைநாயகம் எழுதியிருந்தார்: விண்ணப்பதாரி நம்பவில்லை. ரதீஸ் தலையைச் சொறிந்தான். "சேர், காணி?" "அது வேற. அவ அங்கதான் குடியிருக்கா எண்டு விதானையார்ட்ட ஒரு கடிதம் எடுப்பம். நான் வாறன்." கடிதம் எடுத்தார்கள். பெமிட் இன்றும் விஜிதரனின் பெயரில்தான் இருக்கிறது. வீட்டுத் திட்டம் கிடைக்கவில்லை. அது அஜந்தாவுக்குக் கஷ்டம்தான். கஷ்டம் என்று அவளே சொன்னாள். ஆனால் ஏன் ஒப்பம் வைக்கவில்லை என்று கேட்டவர்களிடம், "நான் நம்பல்ல" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

புத்தகம்? அதற்கு அருமைநாயகம் மூன்று நாள் எடுத்தார். மேசையில் உட்கார்ந்து, எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, அன்னப்பூரணி கூப்பிட்டும் சோற்றுக்கு வராமல், தான் அறிந்த சட்டம் முழுவதையும் புரட்டிப்போட்டு ஒரு வழியைக் கண்டுபிடித்தார். இப்படி ஒரு வழியைத் தெரிவாளரைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நாலாம் நாள் எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சல் வந்தது.

"தீர்மானம் நாற்பத்து நான்கு. சாமித்தம்பி உபாத்தியாயர் அவர்கள் இறந்தார் என்பதற்குச் சான்றில்லை. ஆகவே அவர் உயிருடன் இருப்பவராகக் கொள்ளப்படுகிறார். உயிருடன் இருக்கும் ஆசிரியரின் நூலை வாசிப்பதாயின் அவரிடமே அனுமதி கேட்டல் முறை. அவ்வாறு கேட்டு இன்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. பதில் கிடைக்கும்வரை, அவருக்கு ஆட்சேபனை இல்லை எனக் கொண்டு உறுப்பினர்கள் நூலை வாசிக்கலாம். முதல் அறுபத்தொரு பக்கங்களில் உள்ள எழுத்துப்பிழைகளைத் தட்டெழுதியவர் வந்து திருத்துவார். மற்றவர்கள் கைவைக்கவேண்டாம். விதி நான்கு, ஆ பிரிவு தொடர்ந்தும் நடைமுறையில் இருக்கும்."

கடிதம் அனுப்பியது பொய்யல்ல. தபாற்கந்தோரில் உறையை வாங்கிய பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சாமித்தம்பி உபாத்தியாயர், ரங்கூன். வீட்டு நம்பர் இல்லயா ஐயா?"

"தெரியா."

"ஆள் இரிக்காரா அங்க?"

"இல்லயெண்டு யாரும் சொல்லல்ல" என்றார் அருமைநாயகம்.

உறைக்குள் இருந்தது ஒரு பக்கக் கடிதம். அனுமதி கேட்கும் பகுதியை எழுத அவருக்குப் பத்து நிமிடம்தான் சென்றது. முதல் வரிக்குத்தான் ஒரு பகல் முழுவதும் எடுத்தது. "தாங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என நம்புகிறேன்." எல்லோரும் கடிதத்தில் எழுதுகிற வரிதான், நீங்களும் நூறு தரம் எழுதியிருப்பீர்கள். ஆனால் சான்று இல்லாத ஒன்றை நம்புகிறேன் என்று அருமைநாயகம் எழுதியது அதுவே முதல் தடவை. எழுதிவிட்டு, கீழே ஒப்பம் வைத்தார்.

வட்டம் புத்தகத்தை வாசித்தது. இரண்டு மாதம் கதைத்தது. சரீப் தன் கடையில் புடைவை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். மல்கம் தோணி செய்த விதத்தில் தச்சுப் பிழை இருப்பதாக மூன்று நீண்ட மின்னஞ்சல் எழுதினார். அஜந்தா எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்தாள், விஜிதரன் வந்தால் காட்டுவதற்கு. அருமைநாயகத்துக்கு அவள் ஒரு வரி அனுப்பினாள்: "ரங்கூன்ல இருந்து பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க ஐயா." அவர் "ஓம்" என்று எழுதினார். அவர் புத்தகத்தை வாசித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். நாற்பத்தைந்தாவது படிவம் வந்துவிட்டது. ஆசிரியர் உயிரோடு இருப்பதற்கு ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா என்று அவர் இப்போது ஆவலோடு தேடிக்கொண்டிருக்கிறார்.

இனி உங்கள் விடயம். இந்த இனத்தில் நான் இல்லை என்று இந்நேரம் நீங்கள் தெரிவு செய்திருப்பீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் படிவம் இல்லை, கோவை இல்லை, மை ஒத்தும் தாள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் ஊரில் யாரோ ஒருத்தி, வருடக்கணக்காக வராத ஒருவனின் பெயரை வாக்காளர் இடாப்பில் வெட்டவிடாமல் வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டபோது, பாவம் என்று சொல்லிக்கொண்டே, வாய் திறக்காமல், மனதுக்குள் அவனுக்கு நீங்கள் ஒரு திகதி போட்டீர்களா இல்லையா?